பனி இருக்கும்வரை

பெர்ன்ஹில்லில் டிசம்பர் பிறந்துவிட்டால் லிங்கசாமிக்கு அலாரம் வேண்டாம். காலை நாலரைக்குத் தானாக எழுந்துவிடுவார். மஃப்ளரைக் காதோடு சுற்றி, குரங்குக் குல்லாயை அதன்மேல் இழுத்துவிட்டு, டார்ச்சுடன் பின்கதவைத் திறப்பார். வீட்டுக்குப் பின்னால் சரிவில் இறங்கும் ஒன்பது பாத்திகளில் டேலியா, சால்வியா, ஜெரேனியம் நாற்றுகள் இருந்தன. கோடை சீசனுக்கு ஊட்டியின் ஓட்டல்களும் பங்களாக்களும் கேட்டு வாங்கிப்போகும் நாற்றுகள். அவரும் அவர் மனைவி சாந்தாமணியும் அதை வைத்துத்தான் மகளைப் படிக்கவைத்துக் கோயமுத்தூரில் கட்டிக்கொடுத்தார்கள்.

வானம் தெளிந்த நாட்களில் விடியற்காலையில் புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல் வெளுத்துவிடும். இலைமேல் உறைந்த அந்தப் பனியில் வெயில் பட்டால் இலை கருகிப்போகும். அதற்கு முன்பே தண்ணீர் தெளிக்க வேண்டும். தெளிக்கத் தொடங்கினால் வெயில் ஏறும்வரை நிறுத்தக் கூடாது. நடுவில் நிறுத்தினால் தெளித்த தண்ணீரே உறைந்து நாற்றைக் கொன்றுவிடும். ஆகவே லிங்கசாமி மோட்டாரைப் போட்டுவிட்டு, பாத்திகளின் நடுவிலேயே நின்றுகொண்டிருப்பார். இருபத்திரண்டு வருடமாக அப்படி நின்றார்.

போன ஜனவரியில் நெஞ்சில் சளி கட்டி, மூச்சு இழுத்து, கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தார். அனுப்பும்போது டாக்டர் சாந்தாமணியைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

"இனிமே வெயில் வராம இவர் வெளியே போகக் கூடாதும்மா. இன்னொரு தடவை இப்படி வந்தா நெஞ்சு தாங்காது."

அந்தச் சொல்லைச் சாந்தாமணி வருடம் முழுக்க மடியில் நெருப்பைப்போல் சுமந்தாள். தானே போய்த் தண்ணீர் விடலாம் என்று முடிந்த பனிக்காலத்திலேயே முயன்று பார்த்தாயிற்று. அவள் கதவைத் திறந்த ஐந்தாவது நிமிடம் பின்னால் டார்ச் வெளிச்சம் வரும்.

"நீ பனியில நிக்கறப்போ நான் கம்பளியில படுத்திருந்தா அது ஒரு தூக்கமா அம்மிணி?"

அந்த நேரத்துக்குக் கூலிக்கும் ஆள் வராது. எலக்ட்ரீஷியன் பிரசாத் ஒரு டைமர் மாட்டலாம் என்றான். ஆனால் டைமருக்கு மணிதான் தெரியும், குளிர் தெரியாது. பனியில்லாத நாளிலும் அது தொட்டித் தண்ணீரைக் கொட்டித் தீர்த்துவிடும். பனி ஏழரை வரை நிற்கும் நாளிலோ ஆறரைக்கே நிறுத்திவிடும்.

நூலகத்துச் சுவரில் அந்தத் தாளை அவள் பார்த்தது அக்டோபரில். கணினிக்கு நிரல் எழுதப் பழகலாம், ஞாயிறு மதியம், நூலக மாடி, கட்டணம் இல்லை, வயது தடையில்லை. சாந்தாமணிக்கு வயது ஐம்பத்தொன்று. பிளஸ் டூவும் டைப்ரைட்டிங் ஹையரும் முடித்தவள். வீட்டில் மகள் விட்டுப்போன பழைய லேப்டாப் ஒன்று இருந்தது. மணியை விட்டுக் குளிரைப் பார்க்க ஒரு மிஷினுக்குச் சொல்லிக்கொடுக்க முடியாதா என்ற நினைப்பில், பிள்ளையாரை வேண்டிக்கொண்டு பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

சொல்லிக்கொடுத்தவன் அருண்பிரசாத். பாலிடெக்னிக்கில் ஆய்வக உதவியாளன், முப்பது வயது இருக்கும். யாரையும் அவசரப்படுத்தமாட்டான். வகுப்பில் மொத்தம் ஆறு பேர். சாந்தாமணிக்குப் பக்கத்து நாற்காலி குமாரசாமியுடையது. தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விசைப்பலகையைத் தபால் முத்திரை குத்துவதுபோல் குத்துவார்.

நான்காவது வாரம் அருண்பிரசாத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகளைப் பற்றிச் சொன்னான். இத்தனை தடவை என்று எண்ணிச் செய்வது ஒரு வகை. ஒரு நிலைமை இருக்கும்வரை செய்துகொண்டே இருப்பது இன்னொரு வகை. இரண்டாவதற்கு வைல் லூப் என்று பெயர்.

"வித்தியாசம் புரிஞ்சுதுங்களா?" என்று கேட்டான்.

சாந்தாமணி தயங்கிச் சொன்னாள்.

"தம்பி, பிள்ளையார் கோயில்ல ஒம்போது சுத்துன்னு வேண்டிக்கிட்டுச் சுத்துவோம். அது மொத வகைங்களா?"

"ஆமாங்கக்கா."

"இவரு ஆஸ்பத்திரியில இருந்தப்போ நான் அங்கிருந்த கோயில்ல சுத்தினேன். எத்தனைன்னு எண்ணலை. மனசு பதறிக்கிட்டு இருந்த வரைக்கும் சுத்திக்கிட்டே இருந்தேன். அது ரெண்டாவதுங்களா?"

அருண்பிரசாத் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டான். "நான் அடுத்த பேட்சுக்கு இதையேதான் சொல்லப்போறேனுங்க" என்றான். பிறகு ஒரு கேள்வி கேட்டான். "ஒவ்வொரு சுத்து முடிஞ்சதும் மனசு இன்னும் பதறுதான்னு பார்த்தீங்கல்ல? பார்க்காமச் சுத்தியிருந்தா?"

"இன்னும் சுத்திக்கிட்டுத்தான் இருந்திருப்பேன்" என்றாள் சாந்தாமணி. வகுப்பே சிரித்தது.

சிரித்தாலும், அந்த வாரம் அவள் செய்த தப்பு அதுதான். வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து, குளிர் ஒரு டிகிரி என்று எழுதினாள். குளிர் மூன்றுக்குக் கீழே இருக்கும்வரை 'தண்ணீர் விடு' என்று திரையில் காட்டச் சொன்னாள். மறுபடி குளிரைப் பார் என்ற வரியை உள்ளே எழுத மறந்துவிட்டாள். தண்ணீர் விடு, தண்ணீர் விடு, தண்ணீர் விடு என்று திரை ஓடத் தொடங்கியது. நிற்கவேயில்லை. பழைய லேப்டாப்பின் விசிறி ஊளையிட்டது.

லிங்கசாமி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன அம்மிணி, இதுக்கு இப்படி மூச்சு வாங்குது?"

"நான் சொன்னதையே செய்யுதுங்க. நிறுத்தச் சொல்லத் தெரியலை."

"பாவம், நிறுத்து அதை. வயசான மிசினு."

அவர் ஒரு துண்டை எடுத்துவந்து லேப்டாப்புக்கு விசிறினார். சாந்தாமணி ஒருவழியாக அதை அணைத்தாள். அவர் அப்படித்தான். ஸ்கூட்டர் ஏற்றத்தில் திணறினால் இறங்கித் தள்ளிக்கொண்டு வருவார். மழையில் நனைகிறது என்று இரும்பு கேட்டுக்குப் பாலித்தீன் கட்டியவர்.

நவம்பர் கடைசியில் வேலை முடிந்தது. அருண்பிரசாத் ஒரு சின்ன போர்டும், குளிரை அளக்கும் சென்சாரும் வாங்கித் தந்தான். மோட்டாருடன் அதை எலக்ட்ரீஷியன் பிரசாத் இணைத்தான். சென்சார் விரல் நுனி அளவு இருந்தது. தண்ணீர் படாத ஓரத்தில், நாற்று உயரத்துக்கு ஒரு குச்சியில் அதைக் கட்டினார்கள். போர்டில் சாந்தாமணி எழுதிய நிரல் ஓடியது. நாலு மணியிலிருந்து அது விழித்திருக்கும். குளிர் மூன்று டிகிரிக்குக் கீழே போனதும் தண்ணீரைத் திறக்கும். கீழே இருக்கும்வரை விட்டுக்கொண்டே இருக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி குளிரைப் பார்க்கும். இந்த முறை அந்த வரியை அவள் மறக்கவில்லை.

முதல் உறைபனி டிசம்பர் பதினெட்டாம் தேதி விழுந்தது. ஐந்து மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் சரிவிலிருந்து ஸ்பிரிங்ளர்களின் சர்ர், சர்ர் என்ற சத்தம் எழுந்தது. படுக்கையில் கிடந்த சாந்தாமணி கண்ணை மூடிக்கொண்டு மாரியம்மனுக்கு நன்றி சொன்னாள். கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் ஆள் இல்லை.

பின்வாசலில் மஃப்ளருடன் நின்றுகொண்டிருந்தார்.

"என்னுங்க இது?"

"ஒண்ணுமில்லை. அது எந்திரிச்சுதான்னு பாக்க வந்தேன்."

"சத்தம் கேக்குதில்லீங்க?"

"சத்தம் கேக்குது. எல்லாப் பாத்திக்கும் போகுதான்னு சத்தத்துல தெரியுமா?"

மறுநாளும் எழுந்தார். அதற்கு மறுநாளும். மிஷின் தன் வேலையைச் செய்தது, அவரும் தன் வேலையைச் செய்தார். நான்காம் நாள் இருமல் வந்தது. தோண்டியெடுப்பதுபோல் அடிவயிற்றிலிருந்து வந்த அந்த இருமலைக் கேட்டுக்கொண்டு சாந்தாமணி தோசைக்கல்லின் முன் அசையாமல் நின்றாள். தோசை கருகியது. அவள் சத்தம் போடவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுச் சாமி படத்தின் முன் விளக்கேற்றி, அவரைக் கூப்பிட்டாள்.

"ரெண்டரை மாசம் படிச்சது செடிக்காக இல்லீங்க."

லிங்கசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

"வெயில் வராம கதவைத் திறக்கமாட்டேன்னு அம்மன் முன்னாடி சொல்லுங்க."

அவர் திருநீற்றைத் தொட்டுச் சொன்னார். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். விழிப்பு மட்டும் நாலரைக்கே வந்துகொண்டிருந்தது. கண்ணைத் திறந்தபடி, மூச்சுக்கூடப் பெரிதாக விடாமல், தண்ணீர்ச் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டு கிடப்பார். அது சாந்தாமணிக்குத் தெரியாது.

ஜனவரி முதல் வாரத்தில் ஒரு சாயங்காலம். மேகம் துளிகூட இல்லை. காலையில் கடும்பனி விழும் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. இப்படிப்பட்ட சாயங்காலங்களில் லிங்கசாமி வெளிக் குழாய்களுக்குச் சாக்குச் சுற்றிவைப்பார். ஊட்டியில் எல்லோரும் செய்வதுதான், இல்லாவிட்டால் குழாயில் தண்ணீர் உறைந்து வெடித்துவிடும். மூன்று குழாய்களுக்கும் சுற்றிவிட்டு நிமிர்ந்தவர் கண்ணில் குச்சியின் நுனியில் தனியாக நின்ற அந்தச் சின்ன சென்சார் பட்டது. காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

இவ்வளவு நாள் இதைக் கவனிக்காமல் விட்டோமே என்று அவருக்குத் தோன்றியது. வீட்டுக்குள் போய்த் தன் கம்பளிச் சாக்ஸில் ஒன்றை எடுத்துவந்தார். சென்சாரின் தலையில் மாட்டி, அதன்மேல் சாக்கை இரண்டு சுற்றுச் சுற்றி, சணலால் கட்டினார். மனைவியிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவருக்குப் படவில்லை.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு ஜன்னல் கண்ணாடி வெளுத்திருந்தது. லிங்கசாமி காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தார். சத்தம் இல்லை. ஐந்தரை. இல்லை. ஐந்தே முக்கால். இல்லை. எழுந்து உட்கார்ந்தார். ஒன்பது பாத்திகளும் கண்முன் வந்தன. நேற்றுத்தான் மேல்பாத்தி டேலியா நாலாவது இலை விட்டிருந்தது. ஓசைப்படாமல் நடந்துபோய்ப் பின்கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தார். இரும்பு சில்லென்றது. அம்மன் முன்னால் சொன்ன சொல் கையைப் பிடித்தது.

மனைவியை எழுப்பலாம் என்று திரும்பினார். எழுப்பினால் அவள் பனியில் போவாள். அதுவும் வேண்டாம். தாழ்ப்பாளின்மேல் கையும், கையின்மேல் கண்ணுமாக அவர் நின்ற அந்தச் சில நிமிடங்கள் அவருக்கு ஆஸ்பத்திரிப் பதினோரு நாட்களைவிட நீளமாக இருந்தன. "தாயே, நீ பாத்துக்கோ" என்று சொல்லிக்கொண்டார்.

அப்போது சரிவிலிருந்து சர்ர் என்றது. ஒரு ஸ்பிரிங்ளர், அடுத்தது, பிறகு எல்லாம்.

இன்றைக்குப் பனி தாமதமாக இறங்கியிருக்கிறது, அதுதான் மிஷினும் தாமதம் என்று நினைத்துக்கொண்டார். கம்பளிக்குள் திரும்பி வந்து படுத்தார். அந்தப் பனிக்காலத்தில் முதல்முறையாக ஆழ்ந்து தூங்கிப்போனார்.

ஏழு மணிக்கு மேல் சாந்தாமணி பின்கதவைத் திறந்தாள். தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு பெண் சுவிட்ச் பெட்டியின்மேல் ஒரு கையை வைத்தபடி நின்றிருந்தாள். தலையில் சுற்றிய துண்டு நனைந்து, முழங்கால்வரை சேறு. மேட்டுத் தெரு இசக்கியம்மா. எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். தினமும் காலையில் இந்த வேலியோரப் பாதையில் இறங்கித்தான் எஸ்டேட் வண்டியைப் பிடிக்க மெயின் ரோட்டுக்குப் போவாள்.

"இசக்கியம்மா, இங்க என்ன பண்றே?"

"அம்மா, நிறுத்தலாமா?" என்றாள் இசக்கியம்மா. பற்கள் அடித்துக்கொண்டன. "மேல்பாத்திக்கு வெயில் வந்துட்டு. கீழ்ப்பாத்திக்கு இன்னும் வரல்ல. அதான் விட்டுட்டுப் போக மனசு வரல்ல."

"நீயா போட்டே மோட்டாரை?"

"இந்தப் பக்கமா வந்தேன். எல்லாம் வெள்ளையாக் கிடக்கு, தண்ணிச் சத்தத்தைக் காணோம். ஐயாவுக்குத்தான் மறுபடி முடியல்லையோன்னு பயந்துட்டேன். நெஞ்சு சுகமில்லாத மனுசரை எழுப்பக் கூடாது பாருங்க. ஐயா எந்தச் சுவிட்சைத் தட்டுவாருன்னு முன்ன தினம் பாத்ததுதானே."

"போட்டுட்டு நீ போயிருக்கலாமே."

"போயிருப்பேன். கரண்டு குறைஞ்சு ரெண்டு தடவை நின்னு போச்சு, மறுபடி போட்டேன். வெயில் வர்ற வரைக்கும் நிறுத்தக் கூடாதுன்னு ஐயா சொல்லக் கேட்டிருக்கேன். வண்டி போயிட்டுது. போனாப் போகுது."

சின்ன போர்டை வைத்து அவள் இரண்டரை மாதம் எழுதிப் பழகிய வேலையை, இந்தப் பெண் யாரும் சொல்லாமல், ஈரத் துண்டோடு நின்று செய்து முடித்திருக்கிறாள். நின்றபோது மறுபடி போட்டிருக்கிறாள். வெயில் வந்துவிட்டதா என்று ஒவ்வொரு பாத்தியாகப் பார்த்திருக்கிறாள். கடவுள் உதவி அனுப்பும்போது அதற்குச் சேறு படிந்த கால்கள் இருக்கும் என்பதைச் சாந்தாமணி அன்று பார்த்தாள்.

கீழ்ப்பாத்திக்கு வெயில் வந்ததும் மோட்டாரை நிறுத்தினார்கள். ஓரத்திலிருந்த கொஞ்சம் சால்வியா கருகியிருந்தது. மற்றதெல்லாம் தப்பிவிட்டது. இசக்கியம்மாவை அடுப்பருகில் உட்காரவைத்துத் தன் ஸ்வெட்டரைக் கொடுத்து, சூடாக ராகிக் கஞ்சி ஊற்றினாள். பிறகு என்னதான் ஆயிற்று என்று பார்க்கப் போர்டிடம் போனாள். போர்டு விழித்துத்தான் இருந்தது. நாலு மணியிலிருந்து ஐந்து டிகிரிக்குக் குறையவே இல்லை என்று குறித்து வைத்திருந்தது. நிரல் பிழையில்லை. பிறகு சென்சார் இருந்த ஓரத்துக்குப் போனாள்.

வெயில் வந்துவிட்டதால் லிங்கசாமியும் வெளியே வந்திருந்தார். அவள் சணலை அவிழ்த்து, சாக்கைப் பிரித்து, உள்ளேயிருந்த கம்பளிச் சாக்ஸை உருவித் தூக்கிப் பிடித்தாள்.

"இது யாருதுங்க?"

அவர் சாக்ஸைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"அதுவும் ராத்திரி பூராம் வெளியிலதானே நிக்குது" என்றார். "குளிருமேன்னுதான்..."

சாந்தாமணிக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம்தான். ஆனால் அது தொண்டைவரை வந்து, அங்கேயே வேறு ஒன்றாக மாறிவிட்டது. சேற்றில் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சாக்ஸில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். கண்ணீரும் வந்தது.

"அதுக்குக் குளிரோணுமுங்க. குளிருதுன்னு சொல்றதுதான் அதோட வேலையே."

அடுப்படி வாசலில் கஞ்சிக் கிண்ணத்துடன் நின்ற இசக்கியம்மாவும் சிரித்தாள். "நல்ல வேளை ஐயா, மோட்டாருக்கு ஸ்வெட்டர் போடல்லை."

லிங்கசாமி சிரிக்கவில்லை. கருகிய சால்வியாவின் பக்கம் போய் நின்றார். திரும்பி வந்தபோது முகம் இறுகியிருந்தது.

"இது தோதுப்படாது அம்மிணி. நாளையிலிருந்து நானே போறேன். சொன்ன சொல்லுக்கு அம்மன்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"தப்பு மிசினுதில்லீங்களே."

"தப்பு என்னுதுதான். ஆனா அது ஓடுதா இல்லையான்னு தெரியாம அந்தத் தாழ்ப்பாளைப் பிடிச்சுக்கிட்டு நின்னது நான்தானே? இன்னொரு நாள் அப்படி நிக்க என்னால முடியாது."

அப்போதுதான் அவருடைய நாலரை மணி விழிப்பைப் பற்றி அவளுக்குத் தெரியவந்தது. வீட்டுக்குள் படுத்திருந்தாலும் இத்தனை நாளும் மனுஷர் பனியில்தான் நின்றிருக்கிறார். அவள் அவரோடு வாதாடவில்லை.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுங்க. மூணே நாள். அதுவரைக்கும் நான் போறேன். நீங்க ஜன்னல்ல நின்னு பாருங்க, கதவு வேண்டாம்."

அவர் மனமில்லாமல் ஒத்துக்கொண்டார். பிறகு இசக்கியம்மாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு எஸ்டேட்டுக்குப் போனார். காலையில் ஆட்களின் பெயரைக் குறித்துப் பெரட்டு எடுக்கும் நேரம் தாண்டிவிட்டதால் அவள் பெயரை அன்றைக்குச் சேர்க்கமாட்டார்கள். லிங்கசாமி சூப்பர்வைசரிடம் குல்லாயைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்ததையெல்லாம் சொன்னார். சாக்ஸையும் மறைக்கவில்லை. சூப்பர்வைசர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, அரைநாளுக்குப் பெயரைச் சேர்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சாந்தாமணி நடந்ததைச் சொன்னாள். அருண்பிரசாத் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான்.

"சென்சாரைச் சுத்தாதீங்கன்னு எழுதி மாட்டிடுங்கக்கா."

"அவரு படிக்கிறவரு இல்லீங்க தம்பி, பாவம் பார்க்கிறவரு. இனி சுத்தமாட்டாரு. ஆனா தூங்கவும் மாட்டாரு. அதுக்குத்தான் என்ன எழுதறதுன்னு தெரியலை."

இதுவரை ஒரே விரலால் எதையோ குத்திக்கொண்டிருந்த குமாரசாமி நிமிர்ந்தார்.

"எங்க ஆபீசுல ரிஜிஸ்டர் தபாலுக்கு ஒப்புதல் அட்டைன்னு ஒண்ணு கூடப் போகுமுங்க. தபால் போய்ச் சேர்ந்தாலும், அந்த அட்டை கையெழுத்தோட திரும்பி வந்தாத்தான் அனுப்பினவனுக்குத் தூக்கம். உங்க தபால் போகுதுங்க. அட்டைதான் வரலை."

சாந்தாமணி பேனாவைக் கீழே வைத்தாள். அவளுடைய லூப்புக்குள் தண்ணீர் விடும் வரி இருந்தது, ஐந்து நிமிடம் பொறுக்கும் வரி இருந்தது, மறுபடி குளிரைப் பார்க்கும் வரி இருந்தது. செடிக்கு வேண்டியதெல்லாம் இருந்தது. அந்த மனுஷருக்கு ஒரு வார்த்தை சொல்லும் வரி இல்லை.

"தம்பி, ஒவ்வொரு சுத்துக்கும் அது போனுக்கு ஒரு மெசேஜ் அனுப்புமுங்களா?"

"ஒரு வரிதானுங்கக்கா. எங்கே எழுதணும்?"

"லூப்புக்கு உள்ளே" என்றாள். "வெளியே எழுதினா ஒரு தடவைதான் சொல்லும். அவருக்கு ஒரு தடவை பத்தாது."

சாயங்காலம் வீட்டுக்கு வந்து லிங்கசாமியின் போனை வாங்கிவைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள். முடித்ததும் அவரைக் கூப்பிட்டாள்.

"இனி அது உங்ககிட்டச் சொல்லும். பனி இருந்தாலும் சொல்லும், இல்லைன்னாலும் சொல்லும். உங்களுக்கு ஒரு வேலை இருக்குதுங்க. ஜன்னல் கண்ணாடி வெளுத்திருந்து, போன்ல பனி இல்லைன்னு வந்துச்சுன்னா, அது எங்கயோ தப்புப் பண்ணுதுன்னு அர்த்தம். உடனே என்னை எழுப்போணும். அது மிசினுக்குத் தெரியாது. ஆள்தான் பாக்கோணும்."

லிங்கசாமி போனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அந்த வாரமே வியாழக்கிழமை கடும்பனி. ஐந்தே கால் மணிக்கு இருட்டில் போன் சிணுங்கியது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கம்பளிக்குள் உட்கார்ந்தபடியே படித்தார்.

"பனி இருக்குதுங்க. வெளியில ஒரு டிகிரி. தண்ணி ஓடுது."

கூடவே சரிவிலிருந்து சர்ர் என்ற சத்தம். அவர் ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தார். வெளுத்திருந்தது. சரியாகத்தான் சொல்கிறது.

ஐந்து நிமிடம் கழித்து மறுபடி சிணுங்கியது. "பனி இருக்குதுங்க" என்று வாய்விட்டுப் படித்தார். "வெளியில பூஜ்யம். தண்ணி ஓடுது."

அடுத்த ஐந்து நிமிடம். "மைனஸ் ஒண்ணு அம்மிணி."

"மனசுக்குள்ள படிங்களேன்" என்றாள் சாந்தாமணி, கம்பளியை இழுத்து மூடியபடி.

"மரியாதையாப் பேசுது. 'ங்க' போட்டுப் பேசுது."

"நான் எழுதினது, பின்னே எப்படிப் பேசும்? பேசாம படுங்க."

அவர் படுக்கவில்லை. ஆனால் கதவுப் பக்கமும் போகவில்லை. தலையணையை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படித்து, ஜன்னலைப் பார்த்து, தலையாட்டிக்கொண்டார். இருமல் வரவில்லை. கம்பளிக்கு வெளியே நீட்டியிருந்த அவர் கால்களில் இரண்டு சாக்ஸும் ஜோடி சேர்ந்திருந்தன.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வேலியோரத்தில் ஒரு டார்ச் வெளிச்சம் இறங்கி வந்தது. கேட்டுக்கு நேராக வந்ததும் நின்றது. தண்ணீர் ஓடுகிறதா என்று கேட்கும் அளவுக்கு நின்றது. லிங்கசாமி எட்டித் தன் டார்ச்சை எடுத்து ஜன்னலில் ஒருமுறை காட்டினார். வெளியிலிருந்த வெளிச்சமும் ஒருமுறை மேலே எழுந்து தாழ்ந்தது. பிறகு மெயின் ரோட்டைப் பார்த்துப் போயிற்று.

"இசக்கியம்மா போறா" என்றார். சாந்தாமணி தூங்கிவிட்டிருந்தாள்.

ஏழே கால் ஆனபோது போன் கடைசியாகச் சிணுங்கியது. அந்த ஒரு மெசேஜை மட்டும் சாந்தாமணி லூப்புக்கு வெளியே, கீழே, எழுதியிருந்தாள். லிங்கசாமி அதை இரண்டு தரம், மனசுக்குள், படித்தார்.

"வெயில் வந்துருச்சுங்க. இப்ப வாங்க."

அவர் குல்லாயை மாட்டிக்கொண்டு, அவள் விழித்துவிடாதபடி மெல்ல, தாழ்ப்பாளைத் திறந்தார்.